குளிர் அறைக்குள் ஒரு மலைப்பாதை

1

நான் திருச்சியிலிருந்து கிள்ளானுக்கு வந்து இறங்கிய நாளை என் கணவர் ஆண்டுதோறும் தவறாமல் நினைவில் வைத்திருப்பார். திருமண நாளைத்தான் மறந்துவிடுவார். "கல்யாணம் உங்க ஊர்ல நடந்துச்சு, அது உங்க வீட்டுக் கணக்கு. நீ இங்க வந்து எறங்குனதுதான் நம்ம வீட்டுக் கணக்கு" என்பது அவருடைய வாதம். இந்த ஆண்டும் அந்த நாளன்று, தெலுக் பங்லிமா காராங்கில் உள்ள தொழிற்சாலையிலிருந்து சற்று முன்னதாகவே கிளம்பி, எனக்குப் பிடித்த தேங்காய்ப்பால் அப்பத்தை வாங்கிவந்தார். மூவரும் உண்டுகொண்டிருந்தபோது, எங்கள் ஒரே மகள் தர்ஷினி, தண்ணீர்க் குவளையை இந்தப் பக்கம் தள்ளச் சொல்வதுபோன்ற குரலில் சொன்னாள்:

"மா, நான் இண்டியா போறேன். மணாலிலேருந்து லே வரைக்கும். சைக்கிள்ல."

என் கணவர் ஒரு கணம் அவளையும் பிறகு என்னையும் பார்த்தார். "உன் மக, உன் நாடு. நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டு, மீதமிருந்த அப்பத்தைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டார்.

அங்கே இருக்கும் உங்களுக்கு இதிலுள்ள வேடிக்கை புரியும். நான் இன்றும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவள். இங்கே நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளுகிறேன். என் நாட்டுக்குள் நுழைய எனக்கு யார் அனுமதியும் தேவையில்லை. ஆனால் ஐதராபாத்துக்கு வடக்கே நான் காலெடுத்து வைத்ததில்லை. இமயத்தைப் பார்க்க வேண்டுமென்று ஒருநாளும் தோன்றியதில்லை. இங்கே பிறந்து வளர்ந்த என் மகளோ விசாவுக்கு விண்ணப்பித்து, அதில் தாயின் பிறந்த ஊரை நிரப்பிக்கொண்டிருந்தாள். "திருச்சிராப்பள்ளின்னு முழுசா எழுதணுமா மா? கட்டம் பத்தாது போல." நான் விட்டுவந்த நாட்டின் நான் அறியாத ஒரு மூலைக்கு, எனக்குத் தெரியாத ஒரு வழியாக அவள் போகிறாள். பிள்ளைகள் நம்மைவிட்டு விலகிப் போகிறார்கள் என்று இங்கே எல்லாத் தாய்மாரும் சொல்வோம். அந்த விலகல் நம்முடைய சொந்த நாட்டை நோக்கியே இருக்கும்போது எதைச் சொல்லித் தடுப்பது?

என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அவளுடைய விரல்கள்.

2

இந்த நாட்டில் குளிர் என்பது கூரைக்குக் கீழேதான் இருக்கிறது. வெளியே ஆண்டு முழுவதும் ஒரே வெயில், ஒரே மழை. கதவைத் திறந்து உள்ளே போனால் குளிர். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தமிழ்ப் புத்தகக் கடையில் வேலை செய்கிறேன். தினமும் காலையில் கிள்ளானிலிருந்து புறப்படும் கொமுட்டர் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறியதும், மலாய்க்காரப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் ஒரே அசைவில் பையிலிருந்து கம்பளிச் சட்டையை எடுத்து அணிவதைப் பார்க்கலாம். இறங்கும்போது அதைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வியர்வைக்குள் நடப்பார்கள். பருவங்கள் இல்லாத ஊரில் நாங்கள் ஒரு நாளைக்கு நான்கு முறை பருவம் மாறுகிறோம்.

திருச்சியில் எங்களுக்குக் குளிர் என்றால் மார்கழி. கல்லூரி விரிவுரையாளராக இருந்த என் தந்தை, காற்று சற்றே ஈரமானால் போதும், குரங்குக் குல்லாய் அணிந்து, அதன்மேல் மஃப்ளர் சுற்றிக்கொண்டுதான் சைக்கிளில் கல்லூரிக்குப் போவார். அந்தக் குளிரில் பக்கத்து வீட்டு நாய் மல்லாந்து படுத்து உறங்கிக்கொண்டிருக்கும். எனக்கும் ஒரு சைக்கிள் இருந்தது. தாவணியைச் சொருகிக்கொண்டு காவிரிப் பாலத்தில் எதிர்க்காற்றில் மிதித்திருக்கிறேன். ஆக, குளிரும் சைக்கிளும் என் குடும்பத்துக்குப் புதியவை அல்ல. இரண்டையும் நாங்கள் சிறிய அளவில் வைத்திருந்தோம், அவ்வளவே.

தர்ஷினிக்குப் பள்ளி நாட்களிலேயே அந்தத் தொல்லை தெரிந்துவிட்டது. குளிரூட்டிய தேர்வு மண்டபத்தில் அவளுடைய விரல்கள் நுனியிலிருந்து வெளுக்கத் தொடங்கும், சுண்ணாம்பில் தோய்த்ததுபோல் ஆகும், பேனா நழுவிவிடும். வெளியே வெயிலுக்கு வந்தால் நீலமாகி, சிவந்து, வலித்து, பிறகு சரியாகும். கிள்ளானில் நாங்கள் பார்க்கும் மருத்துவர், குளிர்பட்டால் விரல்களுக்குப் போகும் இரத்தக்குழாய்கள் தேவைக்கு மேல் சுருங்குகின்றன என்றார். "இந்த ஊர்ல இருக்கற வரைக்கும் பயமில்ல" என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வாக்கியத்தின் முதல் பாதியை நான் மறக்கவில்லை. பிற்பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாள் அவள்.

வார இறுதிகளில் நண்பர்களுடன் ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைத் தோட்டச் சாலைகளில் அவள் சைக்கிள் ஓட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இருந்ததில்லை. அங்கே மழை பெய்தாலும் வெதுவெதுப்பாகத்தான் பெய்யும். ஆனால் மணாலியிலிருந்து லே வரை உள்ள பாதை, கோடையிலும் பனிச்சாரல் விழும் கணவாய்களைத் தாண்டிப் போவது. ஏறுவதற்குக் கால் போதும். இறங்குவதற்கு விரல் வேண்டும். பிரேக்கைப் பிடிப்பது விரல்தான்.

"விரல் வெளுத்தா எப்படி பிரேக் புடிப்ப?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் கியர் வாங்கப் போறோம் மா. நீங்களும் வாங்க."

3

கோலாலம்பூரின் பேரங்காடி ஒன்றில் குளிர்தேச ஆடைகளுக்கென்றே ஒரு கடை இருக்கிறது. உருக்கும் வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, உரோமம் வைத்த தொப்பிகளுக்கும் பனிக்காலணிகளுக்கும் நடுவே நின்றேன். புறப்படுமுன் திருச்சியிலிருக்கும் தங்கையிடம், ஜாக்கெட் எடுக்கப் போகிறோம் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தேன். "என்ன புடவைக்கு?" என்று கேட்டாள். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் என்பதை அவளுக்கு எத்தனை முறைதான் சொல்வது.

கடைப் பெண் தமிழ்ப் பெண். "வாங்க ஆன்டி. கொரியாவா, ஜப்பானா?"

"லடாக்."

"அது எங்க ஆன்டி இருக்கு?"

"இந்தியாவுல."

"இண்டியாவுல குளுருமா?" என்று அவள் கேட்டதில் இருந்த உண்மையான வியப்பை நான் இரசித்தேன். பிறகு ஒரு கறுப்பு ஜாக்கெட்டை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். வைத்தாள் என்றுதான் சொல்ல முடிகிறது. கை எதையும் உணரவில்லை. பார்வைக்குத் தலையணைபோல் பருத்த ஒன்று, கையில் காற்றுபோல் இருந்தது. உள்ளே வாத்தின் மார்புச் சிறகாம். அந்தப் பெண் அதைச் சுருட்டி, அதன் பைக்குள்ளேயே அதைத் திணித்து, ஒரு பப்பாளி அளவுக்குச் சுருக்கிக் காட்டினாள். பிரித்து உதறியதும் மறுபடி மூச்சு வாங்கிப் பருத்தது. பனிநீரில் நீந்தும் ஒரு பறவை தன் நெஞ்சுக்கென்று வளர்த்த வெம்மை, என் கையில் எடையே இல்லாமல் கிடந்தது.

"மைனஸ் இருவதுக்குத் தாங்கும் ஆன்டி. போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தோம். குளிர்காலமே இல்லாத ஊர்க்காரர்கள் எல்லாரும் செய்கிற தவற்றை அங்கே நாங்களும் செய்தோம். கண்ணாடிமுன் அசையாமல் நின்று, எது அதிகம் சுடுகிறதோ அதுவே நல்லது என்று முடிவுசெய்தோம். இருப்பதிலேயே தடிமனான ஜாக்கெட், தடிமனான கையுறை. அடுத்து நாங்கள் போன சைக்கிள் கடையின் சீனக்காரர் மட்டும், இவ்வளவு தடிமன் வேண்டாம், மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு போதும் என்று உடைந்த மலாயில் சொன்னார். அவரிடம் பஞ்சு வைத்த கால்சட்டையும் மழையுடுப்பும் வாங்கிக்கொண்டு, அந்த அறிவுரையை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

வீடு திரும்பும் வழியில் நான் என் நிபந்தனையைச் சொன்னேன். கிளம்புமுன் ஒருமுறை உண்மையான குளிரில் இதையெல்லாம் போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். விரல் வெளுத்தால் பயணம் இல்லை. வெளுக்காவிட்டால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். மலேசியாவில் உண்மையான குளிருக்கு எங்கே போவாள் என்ற துணிவில்தான் சொன்னேன்.

தர்ஷினி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சேவியர் அங்கிளோட ஐஸ் ரூம்" என்றாள்.

4

சேவியர் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். இரயில்வேக் குடும்பத்தில் பிறந்தவர். ஞாயிறு பூசைக்குப் பிறகு உரத்த குரலில் பாடிக்கொண்டே காரைக் கழுவுகிறவர். கிள்ளானை அடுத்த மேரு என்ற ஊரில் உறைந்த மீனும் இறைச்சியும் சேமிக்கும் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர். லோரிகள் வராத ஒரு ஞாயிறு பிற்பகலில், கிடங்கின் முன்னறையை எங்களுக்குத் திறந்துவிட ஒப்புக்கொண்டார். உள்ளறை மிகக் கடுமையானது. முன்னறை தண்ணீர் உறையும் நிலையில் இருக்கும்.

அனுமதி வாங்குவது கணவாயைத் தாண்டுவதற்கு ஒப்பானது. பாதுகாப்பு அதிகாரி, தலைக்கவசம் இல்லாமல் யாரும் உள்ளே போகக்கூடாது என்றார். தர்ஷினி தன் சைக்கிள் தலைக்கவசத்தைக் காட்டினாள். அது அங்கீகரிக்கப்பட்ட வகை அல்லவாம். ஆகவே என் மகள் இமயமலைக்கு, கட்டடத் தொழிலாளர்கள் அணியும் மஞ்சள் தொப்பியோடு ஏறத் தொடங்கினாள். பின்சக்கரத்தை ஓர் இரும்புத் தாங்கியில் பொருத்திவிட்டால், சைக்கிள் நின்ற இடத்திலேயே ஓடும். இரு பக்கமும் கூரைவரை மீன் பெட்டிகள்.

"மலை எங்க தெரியுது பாப்பா?" என்றார் சேவியர்.

"அந்தக் கெம்போங் மீன் பொட்டிதான் அங்கிள் எவரெஸ்ட்டு."

"பாத்து ஏறு. உச்சியில நெத்திலி இருக்கு."

அவள் மிதித்தாள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். சிறிது நேரத்தில் ஒன்று நிகழ்ந்தது. அதற்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. அவளுடைய வாயிலிருந்து வெண்மையாக மூச்சு வெளிவந்தது. அவள் பிறந்த இரவிலிருந்து அந்த மூச்சை நான் கேட்டிருக்கிறேன்; காய்ச்சலில் எண்ணியிருக்கிறேன்; தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்து உணர்ந்திருக்கிறேன். கண்ணால் கண்டதில்லை. வெப்ப நாட்டுத் தாய்க்கு அந்தப் பேறு கிடையாது. அது அவளைவிட்டுப் புறப்பட்டு, சற்றே நின்று, கலைந்து, அடுத்த மூச்சுக்கு இடம் கொடுத்தது. கைகூப்பி வணங்கத் தோன்றியது. மஞ்சள் தொப்பியைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

நன்றாக வியர்த்த பிறகு, இறக்கம் தொடங்கியது. அதாவது, மிதிப்பதை நிறுத்திவிட்டு, குளிர்காற்றை வீசும் பெரிய விசிறிக்கு எதிரே, பிரேக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். ஏறுகிறவளுக்கு உடல் சூடு தரும். இறங்குகிறவளுக்குக் காற்று மட்டுமே உண்டு. தொடக்கத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு பேச்சு குறைந்தது. பற்கள் மோதும் ஓசை கேட்டது. பிரேக்கை அழுத்தச் சொன்னேன். கையுறைக்குள் எதுவும் அசையவில்லை.

கழற்றிப் பார்த்தோம். இரு கைகளிலும் கட்டைவிரலைத் தவிர மற்றவை மெழுகுபோல் வெளுத்திருந்தன. வெளியே கொண்டுவந்து, ஜாக்கெட்டை அவிழ்த்தபோது, உட்புறம் பிழியலாம்போல் நனைந்திருந்தது. அந்த வாத்துச் சிறகுகள் ஈரத்தில் ஒட்டி, சிறு சிறு கட்டிகளாகத் திரண்டு கிடந்தன.

மேருவிலிருந்து வீடு வந்து, கார் நின்ற பிறகு கேட்டாள்: "சந்தோஷமா மா?"

"இல்ல" என்றேன். அது உண்மை. நான் கேட்ட பதில்தான் கிடைத்திருந்தது. ஆனால் அவள் தோற்பதைப் பார்க்க நான் அங்கே போகவில்லை என்பது அதுவரை எனக்கே தெரியாது.

5

எனக்குத் தெரிந்த ஒரே வேலை படிப்பது. புத்தகக் கடையில் கூட்டமில்லாத பகல்களில், உடலைப் பற்றியும் குளிரைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். விரல்கள் குளிர்வதால் வெளுக்கின்றன என்றே அதுவரை நினைத்திருந்தேன். உடலின் ஏற்பாடு அதைவிட நுட்பமானது. நெஞ்சு குளிர்ந்தால் உடல் முதலில் இதயத்தைக் காப்பாற்ற நினைக்கிறது. தொலைவில் இருக்கும் கைகளுக்கு அனுப்பும் இரத்தத்தைக் குறைத்து, நடுவீட்டுக்கு விறகு சேர்க்கிறது. விரல்கள் கைவிடப்படுவது நெஞ்சுக்காக. என் மகளின் உடல் அந்தக் கடமையைச் சற்று அவசரமாகச் செய்கிறது, அவ்வளவுதான். அவளுக்கு எவ்வளவு தடித்த கையுறை மாட்டினாலும், வியர்வையில் நனைந்த நெஞ்சில் காற்று அடித்தால் விரல்கள் அணைந்துவிடும். நாங்கள் கையைக் காக்கப் பார்த்தோம்; மார்பை நனையாமல் காத்திருக்க வேண்டும். ஏறும்போது குறைவாக அணிந்து, நனையாமல் ஏறி, உச்சியில் நின்று உலர்ந்த ஒன்றை அணிந்துகொண்டு இறங்க வேண்டும்.

இதைப் படித்து முடித்தபோது கடையில் நான் மட்டும்தான். நான் சொல்லாவிட்டால் அவள் போகமாட்டாள். நிபந்தனை நிபந்தனைதான் என்று அவள் பையை அலமாரிமேல் ஏற்றிவிட்டிருந்தாள். கொமுட்டரில் கிள்ளான் வரும்வரை அந்த மௌனத்தைக் கையில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நமக்குத் தெரிந்த ஒன்றைப் பிள்ளையிடமிருந்து மறைத்து அவளை வீட்டில் வைத்துக்கொண்டால், பிறகு வீட்டில் இருப்பவள் யார்?

அன்று மாலையே சொன்னேன். அவள் பாதியிலேயே எழுந்து வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மா, இன்னொரு தடவ. ப்ளீஸ்."

இம்முறை வாங்கியவை சிறியவை. வியர்வையை உறிஞ்சி உடனே உலரும் மெல்லிய உட்சட்டை. ஈரமானாலும் சூடு காக்கும் செயற்கைப் பஞ்சு வைத்த, காற்றுப் புகாத இலேசான ஜாக்கெட். மெல்லிய கையுறையும் அதன்மேல் ஒரு காற்றுறையும். அந்தக் கறுப்பு ஜாக்கெட்டை நன்கு உலர்த்தி, குளிர் அறையில் நிற்பதற்கு நான் அணிந்துகொண்டேன்.

அவள் உட்சட்டையோடு ஏறினாள். உச்சி வந்ததும், புது ஜாக்கெட்டை எடுத்து அவசரமாக அணிந்தாள். அணிந்த விதத்தைப் பார்த்து சேவியர் வெடித்துச் சிரித்தார். முன்பக்கமாகக் கைகளை நுழைத்து, ஜாக்கெட்டின் முதுகு நெஞ்சில் படும்படி, திறப்பு பின்னால் இருக்கும்படி மாட்டியிருந்தாள். இங்கே காப்சாய் எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிற எல்லாரும் அப்படித்தான் அணிவார்கள். கிள்ளானுக்கு வந்த புதிதில், இவர்கள் அனைவரும் ஏன் இருட்டில் உடை மாற்றுகிறார்கள் என்று நான் கணவரிடம் கேட்டிருக்கிறேன்.

"என்னா பாப்பா, காப்சாய் ஓட்டிக்கிட்டு பாசாருக்குப் போறியா? இமயமலைல ஜிப்பு முன்னால இருக்கணும் லா!"

"சும்மா இருங்க அங்கிள். பழக்கதோசம்." கழற்றப் போனவள் நின்றாள். என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

காற்று அடிப்பது முன்னால். நனைந்திருப்பது முதுகு. நெஞ்சில் பல்லிடுக்கு அளவு திறப்புகூட இல்லை. ஈரம் போக முதுகில் வழி இருக்கிறது. அதிகாலையில் துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் ஓடுகிற ஆயிரம் பேர், எந்தக் கடைக்காரரும் சொல்லாமல், தம் உடம்பில் எழுதிவைத்திருந்த விடை அது. தினமும் என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

"அப்படியே இரு" என்றேன்.

பின்பக்கம் படபடக்காமலிருக்க, சேவியர் பணியாளர் அட்டை மாட்டும் இரண்டு கிளிப்புகளைக் கொண்டுவந்து தளர்வாக மாட்டிவிட்டார். "காப்பிரைட் எனக்குத்தான்" என்றார். விசிறி வீசத் தொடங்கியது. நான் கைப்பேசியில் நேரம் பார்த்தபடி, முன்முறையைவிட நீண்ட இறக்கத்தை அவளுக்குக் கொடுத்தேன். தாய் என்பதால் சலுகை காட்டவில்லை. தாய் என்பதாலேயே காட்டவில்லை. இடையிடையே பிரேக் என்று கூவினேன். ஒவ்வொரு முறையும் கம்பி இழுபடும் ஓசை சுத்தமாகக் கேட்டது. அவளுடைய மூச்சு வெண்மையாய் வந்து கலைந்துகொண்டிருந்தது.

போதும் என்றேன். இறங்கி வந்து கையுறையைக் கழற்றினாள். கழற்றிய கைகளைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு என்னிடம் நீட்டினாள். "நீங்களே பாருங்க மா."

விரல்கள் சிவந்திருந்தன. கண்ணுக்குச் சிவந்திருந்தன, எனக்குக் கண் போதவில்லை. தொட்டேன். எதுவும் தெரியவில்லை. மீண்டும் அழுத்திப் பிடித்தேன். சூடா, குளிரா என்று அறிய முடியவில்லை.

"என்ன மா?"

"தெரியலடி. தொடறதே தெரியல."

அவள் கண்ணைத் திறந்தாள். "ஐயோ மா, உங்க கையப் பாருங்க!"

கைப்பேசிக்காகக் கையுறை இல்லாமல் நின்றிருந்தேன். என் விரல்கள் நுனியிலிருந்து பாதிவரை வெளுத்திருந்தன. தேர்வு மண்டபத்து வாசலில் நான் அன்று பார்த்த அதே வெண்மை. அவளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று நானும் மருத்துவரும் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. திருச்சியில் தெரிய வாய்ப்பில்லை; கிள்ளானிலும் தெரியவில்லை.

தர்ஷினி என் இரு கைகளையும் தன் கைகளுக்குள் வாங்கி மூடிக்கொண்டாள். குனிந்து, விரலிடுக்கில் மூச்சை ஊதினாள்.

"என்னா அக்கா," என்று கதவருகிலிருந்து சேவியர் குரல் கொடுத்தார், "புள்ள போகுதா இல்லையா? எனக்குப் பசி."

"போகட்டும்" என்றேன்.

அவள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அசையவில்லை. என் விரல்களில் உணர்வு திரும்பி, அவை வலிக்கத் தொடங்கும்வரை கைகளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.